மணியும் பதிவேடும்



கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வீடு. அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் சாக்குத் துணியில் சுற்றிய வெண்கல மணி ஒன்று பல ஆண்டுகள் கிடந்தது. ஒரு முழ உயரம்கூட இராது. வீட்டுக்காரர் எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த பழைய மாணவர். அவருடைய தந்தையார் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லுத்தரன் சபையின் மூப்பர். தோட்டம் கைமாறியபோது, தகரக் கூரை போட்ட சிறிய ஜெபக்கூடம் நின்ற நிலமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. பலகையையும் தகரத்தையும் ஒரே காலைப் பொழுதில் பிரித்துப் போட்டார்கள். மூப்பர் ஒரு கையில் மணியையும் இன்னொரு கையில் சபைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பாடம் நடப்பதையும் மறந்து ஜன்னலில் தொங்கினார்கள். அவர்களை அதட்டி உட்கார வைக்க எங்களுக்கு அன்று மனம் வரவில்லை.

அந்த மணிக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் பின்னால் உள்ள கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். லுத்தரன் சபையின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். இந்த உரையைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். ஆனால் தோட்டத்து மாரியம்மனும், முனியாண்டி சாமியும், ஜெபக்கூடமும், பள்ளிக்கூடமும் நின்றது ஒரே கம்பெனி நிலத்தில்தான். ஒருவருக்கு வந்தது மற்றவர்களுக்கும் வந்தது. ஆகவே ஒரு வீட்டின் கதையை உற்றுப் பார்த்தால் நம் எல்லார் வீட்டின் கதையும் தெரியவரும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். 1517ஆம் ஆண்டு ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் என்ற துறவி தொடங்கி வைத்த சீர்திருத்தத்திலிருந்து வந்த சபைகளையே லுத்தரன் சபைகள் என்கிறோம். அந்த வழி தமிழ் மண்ணுக்கு வந்தது தரங்கம்பாடி வழியாக. அங்கே டென்மார்க் நாட்டார் 1620இல் கோட்டை கட்டி வணிகம் செய்தார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 24கூட நிறையவில்லை.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. தமிழ் கற்க அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அப்படிக் கற்றவர்தான் பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அச்சிட்டும் கொடுத்தார்.

கட்டடத்தின் கதைக்கு வருவோம். 1707 மே மாதம் முதன்முதலில் 5 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் நிலம் உடையவர்களோ பதவி உடையவர்களோ அல்லர். டேனியர் வீடுகளில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் கடற்கரை ஓரமாக ஒரு சிறு ஆலயம் எழுந்தது. எருசலேம் ஆலயம் என்று பெயர். ஆனால் எட்டே ஆண்டுகளில், 1715இல், அதைக் கடல் கொண்டு போயிற்று. ஆலயம் போனதே தவிர ஆட்கள் போகவில்லை. உள்ளே தள்ளி, உயர்ந்த இடத்தில், புதிதாக ஒன்று கட்டினார்கள். 1718இல் திறந்த அந்தப் புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் இராஜ வீதியில் நிற்கிறது. மறு ஆண்டே, 36 வயதில் இறந்த சீகன்பால்கை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்த ஊரை அடித்தபோதும் அந்தக் கட்டடம் விழவில்லை. 1707இல் கட்டிய இடம் தவறு என்பதைக் கடல் கற்றுக்கொடுத்தது. இரண்டாம் முறை இடம் பார்த்துக் கட்டினார்கள். அஸ்திவாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பாடத்துக்கு மலாயாவில் வேறு விதமாக வேலை வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டேனியர் விட்டுச் சென்ற பணியை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்றுக்கொண்டது. தரங்கம்பாடி, பொறையாறு, மாயவரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று சபைகள் பரவின. இந்த ஊர்களின் பெயர்களைக் கேட்கும்போதே நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி நினைவு வரும். கங்காணிமார் ஆள் சேர்த்த சீமை அதுதானே! தரங்கம்பாடிக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் நாகப்பட்டினம். அங்கிருந்துதான் கப்பல். நாகையில் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, ஒதுக்குமுகாமில் நாள் கணக்கில் கிடந்து, பிறகு ரயிலேறித் தோட்டத்துக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் லுத்தரன் குடும்பங்களும் இருந்தன. தகரப் பெட்டிக்குள் ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு செம்பு. அதோடு ஒரு வேதப் புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம்.

ஞானப்பாட்டு என்றால் ஜெர்மானிய மெட்டில் தமிழ்ச் சொல் வைத்துப் பாடுவது. கீர்த்தனை என்றால் நம் கர்நாடக இராகத்தில் பாடுவது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாடிவைத்த கீர்த்தனைகளைத் தோட்டத்து லயத்தில் விளக்கு வைத்த பிறகு பாடக் கேட்டிருக்கிறோம். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பெண்களும் படியில் உட்கார்ந்து கேட்பார்கள். இராகத்துக்கு ஏது மதம்!

எல்லாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. சிலர் ரயில்வேக்குப் போனார்கள். அவர்கள் குடியேறிய இடம் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெருந்தீ, அதே ஆண்டு முடிவில் வெள்ளம். அத்தாப்பும் மரமும் வேண்டாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று அதிகாரிகள் முடிவு செய்ய, செங்கல் சூளைகள் எழுந்த பேட்டை அது. பெயர் வந்த வழி அதுதான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியதும், சூளைப் பேட்டை ரயில்வேக்காரர் பேட்டையாயிற்று. நூறு குவார்ட்டர்ஸ் என்று நம்மவர்கள் சொன்ன ரயில்வே வீட்டு வரிசைகளை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010களில் அவற்றையும் இடித்தாயிற்று.

மலாயாவில் லுத்தரன் சபை வரலாற்றை 1907ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். அப்போது ஆலயக் கட்டடம் எதுவும் கிடையாது. தோட்டமும் ரயிலும் கூட்டிவந்து சிதறவிட்ட குடும்பங்களை ஒன்று சேர்ப்பதே வேலையாக இருந்தது. பேர் எழுதி, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்யும் வேலை அது. ஆக, ஓலையும் செங்கல்லும் வருவதற்கு முன்பே பதிவேடு வந்துவிட்டது.

அதன் பிறகு முதல் உலகப் போர். ஜெர்மன் மிஷனரிகள் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பொறுப்பை சுவீடன் நாட்டு மிஷன் ஏற்றது. 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. மலாயாச் சபை அந்தத் தாய்ச் சபையின் கடல் கடந்த கிளையாக இருந்தது.

1924ஆம் ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம் கட்டி முடிந்தது. இன்று ஜாலான் அப்துல் சமாட் என்று வழங்கும் தெருவில் அது இருக்கிறது. அந்தக் காலத்து வருமானத்தை எண்ணிப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டங்களுக்கு நிர்ணயித்த கூலியே கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரயில்வே கிராணிமாருக்கு அதைவிடக் கூடுதல் என்றாலும் அவர்களும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தாம். ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் இருந்த காலம் அது. ஊருக்குப் போகிறவன் வெளிநாட்டில் எதற்குக் கல் ஆலயம் கட்டுகிறான்? அந்த ஆலயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் கேள்வி வரும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இனி இங்கேதான் என்று அவர்கள் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார்கள் போலும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அது பட்டணத்தில், ஆலயத்துக்கென்றே உள்ள மனையில் நிற்கிறது. ஒரு கம்பெனியின் ரப்பர்க் காட்டுக்குள் துரையின் தயவில் நிற்கவில்லை. இதனால் வந்த வேறுபாட்டைப் பின்னால் பார்ப்போம்.

கட்டி ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. 1930 முதல் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதையே நிறுத்தியது. அதன் பிறகு ஜப்பானியர் காலம். திருச்சிராப்பள்ளியோடு கடிதப் போக்குவரத்துகூட இல்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆட்களைப் பிடித்துப் போனார்கள். தோட்டத் தமிழரில் போனவர்கள் ஏராளம், திரும்பியவர்கள் சிலர். நம் பெரியவர்களில் சயாமைப் பற்றிப் பேசாமலே இறந்தவர்கள் உண்டு. எங்கள் மூப்பர் காட்டிய பதிவேட்டில் ஞானஸ்நானப் பக்கத்தில் உள்ள சில பெயர்கள் திருமணப் பக்கத்திலும் இல்லை, அடக்கப் பக்கத்திலும் இல்லை. அவர் அந்தப் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சிறு புள்ளி வைத்திருந்தார். புள்ளி எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போருக்குப் பின் அவசரகாலம் வந்தது. புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்ட சீனர்களிடையே பணி செய்ய 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து லுத்தரன் மிஷனரிகள் வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது வேறொரு லுத்தரன் சபை. ஆகவே மலேசியாவில் லுத்தரன் என்று சொன்னால் ஒன்றல்ல. நாம் பேசுவது தமிழர் தொடங்கியதைப் பற்றி. இது 1960களில் தாய்ச் சபையிலிருந்து தனித்து நின்று, மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று இன்று வழங்குகிறது.  பிரிக்பீல்ட்ஸ் சீயோன் அதன் பேராலயம். தமிழோடு வேறு மொழிகளிலும் ஆராதனை நடக்கிறது.  நாகப்பட்டினக் கப்பலில் வந்த பெட்டிக்குள் இருந்தது இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைத்தார்கள்!

இனித் தோட்டத்துக்குத் திரும்புவோம்.

எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்துக்குக் குருவானவர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பரே வேதம் வாசித்து, பாட்டு நடத்தி, ஜெபம் செய்வார். கிறிஸ்துமஸுக்கு லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் பலகாரம் போகும். தீபாவளிக்கு அந்தத் தட்டுகள் முறுக்கோடு திரும்பி வரும். ஆடி மாதத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதில் ஜெபக்கூடத்து வாலிபர்கள் முன்னே நிற்பார்கள். இதையெல்லாம் ஒற்றுமைப் பாடம் நடத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரே பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் நிற்கிறவர்கள் வேறு எப்படி வாழ்வார்கள்?

ஆனால் அந்த ஜெபக்கூடத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. பழைய துரை வாய்ச் சொல்லாக இடம் கொடுத்தார், அடுத்த துரை கூரைத் தகரம் கொடுத்தார், அவ்வளவுதான். யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கோயிலுக்கும் அதே கதை.

நாடு விடுதலை பெறும் காலத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்போது பெரும் கூக்குரல் எழுந்தது. அதற்கு எதிராகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தார். இரண்டாம் அலை 1980களிலும் 1990களிலும். இம்முறை ரப்பருக்குப் பதில் வீடமைப்பு, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நாம் மிதிக்கும் மண் எல்லாம் ஏதோ ஒரு தோட்டத்து மண்தான். பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களில் எழுந்ததே எஃபிங்ஹாம் தோட்டத்து ரப்பர்க் காட்டில்தான். தோட்டம் போயிற்று, மரம் போயிற்று. எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி மட்டும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு பண்டார் உத்தாமாவில் இருக்கிறது. சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டக் கோயில் நின்ற நிலம் கைமாறியதால் எழுந்த வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தது என்பதும், 2018 நவம்பரில் கலவரத்தில் ஓர் இளம் தீயணைப்பு வீரர் அடிபட்டுப் பிறகு உயிரிழந்ததும் நீங்கள் அறிந்ததே. எங்கோ ஒரு காலத்தில் வாங்கத் தவறிய பட்டா, சம்பந்தமில்லாத ஒரு தாயின் பிள்ளையைக் கொண்டுபோயிற்று.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் எங்கே போனார்கள்? பழைய கிள்ளான் சாலையைச் சுற்றிய புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். கம்போங் மேடான் அவற்றில் ஒன்று. பலகை வீடு, பிறகு நீண்ட வீடு, பிறகு மலிவு விலை அடுக்குமாடி. அக்கம் பக்கத்தில் மலாய்க்காரர், இந்தோனேசியர், நம்மவர் என்று எல்லாரும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். 2001 மார்ச் மாதத்தில் அங்கே மூண்ட கலகத்தில் 6 உயிர்கள் போயின. அதன் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அங்கே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மாலையில் பந்து விளையாடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுக்குமாடியில் ஜெபக்கூடம் கட்ட முடியுமா? முடியாது. ஆகவே எங்கள் பழைய மாணவரும் இன்னும் சில குடும்பங்களும் வார நாளில் வீட்டுக் கூட்டம் வைத்தார்கள். வீடு மாற்றி வீடு. நாற்காலி போதாது, பாய் விரித்துக்கொள்வார்கள். ஞாயிறு காலையில் பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் சீயோனுக்குப் போவார்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர் பஸ் செலவு என்றால் மாத முடிவில் தெரியும். தாத்தா காலத்தில் பட்டணத்துக் குருவானவர் தோட்டத்துக்கு வந்தார். இப்போது தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பட்டணத்து ஆலயத்துக்குப் போகிறார்கள். சீயோன் 1924இல் நின்ற இடத்திலேயே நிற்பதால்தான் அது முடிகிறது. சுற்றிலும் பாருங்கள்: ரயில் தண்டவாளங்கள் கிடந்த பழைய பணிமனை நிலத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிலையம், பக்கத்தில் வானுயரக் கட்டடங்கள், கீழே பூக்கடை, பட்டுக்கடை, லிட்டில் இந்தியா. அத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் அந்த ஆலயம் தன் இடத்தை விடவில்லை.

பட்டணத்தில் புதிதாக எழும் பல சபைகள் கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுக்கின்றன. அதிலும் ஒரு கஷ்டம் உண்டு. 2015 ஏப்ரலில் கம்போங் மேடானை ஒட்டிய தாமான் மேடானில், கடைவீட்டில் கூடிய வேறொரு சபை வெளிச்சுவரில் சிலுவை வைத்தது. அக்கம் பக்கத்தார் ஏறத்தாழ 50 பேர் கூடி ஆட்சேபம் தெரிவிக்க, சபையினர் அன்றே சிலுவையைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த நாட்களில் மாநில அரசு, வைப்பதற்குத் தடையில்லை என்று சொன்னது. பெரிதாகப் போயிருக்க வேண்டியது அடங்கியது. அதற்குச் சபையார் காட்டிய பொறுமை காரணம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பொறுமை மட்டும் போதாது. சிலாங்கூரில் 2008 முதல் முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டு இடங்களைக் கவனிக்க மாநில அளவில் குழு இருக்கிறது. கோயில் தலைவர்களும் சபை மூப்பர்களும் அங்கே போய் முன்கூட்டியே பேசுவதற்குக் கூச்சப்படக்கூடாது. அதிகாரியின் கதவைத் தட்டுவது கௌரவக் குறைவு என்று நினைத்தே நம்மவர்கள் பல நிலங்களை இழந்திருக்கிறோம்.

இனிப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி. விடுதலைக்கு முன்பே லயத்தில் பிறந்தவர். மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சிவப்பு அடையாள அட்டை. பிறந்த மண்ணிலேயே வேற்று நாட்டவர். உதவித் தொகைக்குப் போனால் சிவப்பு, ஆஸ்பத்திரிக்குப் போனால் சிவப்பு. நீல அட்டைக்கு மனு எழுதித் தர எங்களிடம் வந்தார். இந்த நாட்டில் பிறந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டோம். தோட்டக் கணக்குப் புத்தகம் கம்பெனியோடு போயிற்று. மருத்துவச்சி இறந்து பல ஆண்டுகள். அப்போதுதான் மூப்பரின் மகன் நினைவுக்கு வந்தார்.

கம்போங் மேடான் வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து பதிவேட்டை எடுத்தோம். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கட்டை விரல் அகல வரியில், கறுத்த மையில், குழந்தையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த நாள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள் வாசித்துக் காட்டினோம். தம் அம்மாவின் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயிற்றோ, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஒரு வரி மட்டும் போதவில்லை. குருவானவரிடம் சான்று வாங்கி, உயிரோடிருந்த இரண்டு முதியவர்களைச் சத்தியப் பத்திரம் கொடுக்க வைத்து, மனுவோடு இணைத்தோம். பல தடவை அலைந்தோம். நாளாயிற்று, ஆனால் நீல அட்டை வந்தது. அதற்குப் பிறகு அவர் இரண்டு ஆண்டுகளே இருந்தார். அந்த அட்டையைச் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார்.

பதிவேட்டைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள் என்று மூப்பரின் மகனிடம் அன்றே சண்டை போட்டோம். அப்பா கையில் கொடுத்தது, விடமாட்டேன் என்றார். அவர் மனம் எங்களுக்குப் புரிந்தது. ஆனால் கரையானுக்கு அது புரியுமா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் பக்கம் எத்தனை வீடுகளில் பத்திரங்கள் ஊறிப் போயின என்று பார்த்தோமே. கடைசியில் ஒத்துக்கொண்டார். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, மூலத்தைச் சபைத் தலைமைக்குக் கொடுத்து ரசீது வாங்கி, நகலைக் கட்டமைத்து வீட்டில் வைத்துக்கொண்டார். மாரியம்மன் கோயில் வரவு செலவுக் கணக்கு, வரி எழுதிய நோட்டு, பழைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, சவ அடக்கக் கூட்டுறவு நோட்டு, எது உங்கள் வீட்டில் இருந்தாலும் இதையே செய்யுங்கள். அதிலும் நம் பாட்டிமார் பெயர் இருக்கும். உங்கள் கோயிலோ கூடமோ நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் ஒரு நாள் சம்பளம் போனாலும் போய்ப் பாருங்கள். சங்கம் பதிவாகியிருக்கிறதா, அறங்காவலர்கள் பெயரில் இறந்தவர் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இறந்தவர் பெயரை எடுக்காமல் விட்டுப் பட்டாவைப் புதுப்பிக்க முடியாமல் தவித்த இரண்டு கோயில்களை நாங்களே அறிவோம்.

மணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுக்குமாடியில் மணி அடித்தால் எட்டு மாடிக்கும் கேட்கும். வேலை முடிந்து தூங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே வீட்டுக் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்து, நாக்கில் துணி கட்டி, பிள்ளைகளில் ஒருவர் மெதுவாகத் தட்டுவார். முதல் பாட்டு தொடங்கும். சென்ற ஆண்டு அவர்கள் புதிய பதிவேடு வாங்கினார்கள். பழையதைப் பார்த்தே அதே கட்டங்களை வரைந்தார்கள். மூப்பருடைய கொள்ளுப் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நாங்களும் போயிருந்தோம். பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தின் தலைப்பு தோட்டம் என்றே இருந்தது. அதை மாற்றவா என்று பேரன் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, அவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் கம்போங் மேடான் என்று எழுதினார்.